ஆரத்திச் சிவப்பும் ஆஸ்பிரின் ஊதாவும்: பீனால் கேள்வி-பதில்

எத்தனாலிலும் பீனாலிலும் ஒரே ஹைட்ராக்சில் தொகுதிதானே? பீனாலுக்கு மட்டும் ஏன் அமிலத்தன்மை?

புரோட்டான் கழன்ற பிறகு மிஞ்சும் அயனியைப் பாருங்கள். எத்தனால் தரும் எத்தாக்சைடில் எதிர்மின்சுமை முழுக்க ஆக்சிஜன் தலையிலேயே கிடக்கிறது. பீனால் தரும் பீனாக்சைடில் அது பென்சீன் வளையத்துக்குள் பரவி, இரண்டு ஆர்த்தோ கார்பன்களும் (ஆக்சிஜன் இணைந்த கார்பனுக்கு அடுத்தவை) பாரா கார்பனும் (அதற்கு நேர் எதிரே இருப்பது) அதில் பங்கு போட்டுக்கொள்கின்றன. சுமை பரவினால் அயனிக்கு நிலைப்பு கூடும். புரோட்டானும் எளிதாகக் கழலும். எத்தனாலின் பிகேஏ மதிப்பு (அமில வலிமையின் அளவு, எண் குறைந்தால் வலிமை கூடும்) சுமார் 16, பீனாலுக்கு 10. ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு என்பதால் வித்தியாசம் 10 லட்சம் மடங்கு!

புரோட்டான் கழலும் முன்பே ஆக்சிஜனின் தனி இணை (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் சோடி) வளையத்தோடு உறவாடுகிறது. அதனால்தான் கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு மெத்தனாலில் 142 பிக்கோமீட்டர், பீனாலில் 136 மட்டுமே. இந்த இறுக்கமான பிணைப்பை உடைப்பது கடினம். பீனாலின் மெத்தில் ஈதரான அனிசோலை ஹைட்ரஜன் அயோடைடுடன் சூடாக்கினால் பீனாலும் மெத்தில் அயோடைடும்தான் வரும், அயோடோபென்சீன் வராது. தேர்வில் பலர் மதிப்பெண் விடும் இடம் இது.

அமிலம் என்றால் சமையல் சோடாவோடு ஏன் நுரைக்கவில்லை?

சமையல் சோடா கார்பானிக் அமிலத்தின் உப்பு. அந்த அமிலத்தின் பிகேஏ சுமார் 6.4. அதைவிட வலிமை குறைந்த பீனாலால் அதை வெளியேற்ற முடியாது. ஆனால் மூன்று நைட்ரோ தொகுதிகள் ஏறிய பிக்ரிக் அமிலத்தின் மதிப்பு சுமார் 0.4. அது பொங்கும். கார்பாக்சிலிக் அமிலம் எல்லாம் பொங்கும், பீனால் எதுவும் பொங்காது என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

ஆரத்தித் தண்ணீர் சிவப்பதற்கும் பீனாலுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பே உண்டு. மஞ்சளில் இருக்கும் குர்குமினில் இரண்டு பீனால் ஹைட்ராக்சில்கள் உள்ளன. சுண்ணாம்பின் காரத்தில் அவற்றின் புரோட்டான்கள் கழன்று, எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுவதும் இன்னும் தாராளமாகப் பரவுகின்றன. அப்போது மூலக்கூறு உறிஞ்சும் ஒளி நீண்ட அலைநீளத்துக்கு நகர்வதால் மஞ்சள் சிவப்பாகிறது. அதில் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். புரோட்டான் திரும்பி மஞ்சளும் திரும்பும். சாம்பார்க் கறை பட்ட வேட்டியில் சோப்புப் போட்டதும் சிவப்பதும் இதே கதைதான். முதல் கேள்வியின் பதிலை இதைவிட நன்றாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆஸ்பிரின் பெர்ரிக் குளோரைடோடு நிறம் தராது என்று படித்தேன். செய்முறையில் ஊதா வந்ததே?

படித்தது சரி. பெர்ரிக் குளோரைடு ஊதா தருவது திறந்திருக்கும் பீனால் ஹைட்ராக்சிலோடுதான். ஆஸ்பிரினில் பீனால் ஹைட்ராக்சிலை அசிட்டைல் தொகுதி மூடியிருக்கிறது. ஆனால் ஈரம் பட்ட பழைய மாத்திரை மெல்ல நீராற்பகுத்து சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியும். மூடி கழன்றதும் ஊதா வந்துவிடும். புட்டியைத் திறந்து முகர்ந்தால் வினிகர் வாடை அடிக்கிறதா பாருங்கள். அடித்தால் காரணம் அதுதான். அந்த மாத்திரையை விழுங்கவும் வேண்டாம். பாராசிட்டமாலில் பீனால் ஹைட்ராக்சில் திறந்தே இருப்பதால் புது மாத்திரையே நீல ஊதா காட்டும்.

இன்னொன்று: பெர்ரிக் குளோரைடு கரைசல் நடுநிலையாக இருக்க வேண்டும். பெர்ரிக் குளோரைடில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, லேசான பழுப்பு வீழ்படிவு கரையாமல் நின்றதும் வடிகட்டி எடுங்கள்.

பீனால் வளையத்தில் புரோமின் ஒன்றுதான் ஏற வேண்டும், மூன்று வேண்டாம். வழி?

தண்ணீரைத் தவிருங்கள். புரோமின் நீரில் வினையூக்கியே இல்லாமல் 2,4,6-டிரைபுரோமோபீனால் வெள்ளையாக வீழ்படியும். நீரில் ஓரளவு பீனாக்சைடு உருவாவதும் அது பீனாலைவிட வேகமாக வினைபுரிவதும் முக்கியக் காரணம். கார்பன் டைசல்பைடில், குறைந்த வெப்பநிலையில் செய்தால் ஒன்றோடு நிற்கும், பெரும்பகுதி பாரா.

ஆய்வக பீனால் இளஞ்சிவப்பாகிவிட்டது. கெட்டுப்போச்சா?

காற்றும் வெளிச்சமும் பட்டுக் கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. நிறமறி சோதனைகளுக்குப் போதும். தூய்மை முக்கியமான வேலைக்கு வாலை வடித்துத்தான் எடுக்க வேண்டும். உருகுநிலை சுமார் 41 டிகிரி செல்சியஸ் என்பதால் புட்டியில் கட்டியாக உறைந்திருக்கும். சூடான நீரில் புட்டியை வைத்து இளக்குங்கள், கையுறையோடு. பீனால் தோலை மரத்துப்போகச் செய்யும் என்பதால் சுட்டது உடனே தெரியாது. மேலே பட்டால் வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், பட்ட துணியைக் கழற்றிவிட்டு, குழாயடியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.