உண்மை நடுவில் இருக்குமா?

வணக்கம் ஐயா,

ஒரே சம்பவத்தை ஒரு நாளிதழ் ஒரு மாதிரி எழுதுகிறது, இன்னொன்று நேர்மாறாக எழுதுகிறது. எல்லோருக்கும் ஏதோ ஒரு சார்பு. நான் இரண்டையும் வாசித்துவிட்டு, உண்மை நடுவில் எங்கோ இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். சாதாரண வாசகன் வேறென்ன செய்ய முடியும்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டையும் தேடி வாசிக்கிறீர்களே, அது நல்ல பழக்கம். ஆனால் அந்த ‘நடுவில் எங்கோ’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1933 மார்ச்சில் கேரத் ஜோன்ஸ் என்ற 27 வயது வேல்ஸ் பத்திரிகையாளர், முதுகுப்பையில் உணவை நிரப்பிக்கொண்டு மாஸ்கோவில் ரயிலேறினார். வழியிலேயே இறங்கி, தண்டவாளத்தை ஒட்டி, அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த உக்ரைனின் கிராமங்களுக்குள் நடந்தார். ரஷ்ய மொழி தெரிந்தவர். விவசாயிகளின் குடிசைகளில் தங்கி அவர்களிடமே பேசினார். பெர்லினுக்கு வந்ததும், அங்கே பஞ்சம், மக்கள் சாகிறார்கள் என்று அறிவித்தார். இரண்டே நாளில், மார்ச் 31 அன்று, நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அதன் மாஸ்கோ நிருபர் வால்டர் டுராண்டி அதை மறுத்தார். பட்டினிச் சாவு கிடையாது, ஊட்டச்சத்துக் குறைவால் வரும் நோய்களில்தான் பரவலாக இறக்கிறார்கள் என்று எழுதினார்! முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவின் உயரிய பத்திரிகை விருதான புலிட்சர் பரிசு பெற்றவர் அவர். அந்தப் பரிசு இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

இரண்டையும் படித்து நடுவில் நின்றவர், ‘ஏதோ கொஞ்சம் உணவுத் தட்டுப்பாடு போல’ என்று பக்கத்தைப் புரட்டியிருப்பார். அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் லட்சக்கணக்கானவர்கள். ஒருவர் எவ்வளவு துணிந்து பொய் சொல்கிறாரோ, அவ்வளவுக்கு நடுவும் அவர் பக்கம் நகர்ந்துவிடுகிறது.

சார்பு யாருக்குத்தான் இல்லை? நான் பார்ப்பது வேறு: இது இவருக்கு எப்படித் தெரியும்? டுராண்டிக்கு ஜோன்ஸ் அதே நாளிதழில் மே மாதம் பதில் எழுதியபோது, யார் யாரிடம் கேட்டறிந்தார் என்று வரிசையாகச் சொன்னார்: 20 முதல் 30 தூதரக அதிகாரிகள், வழியில் பார்த்த விவசாயிகள், வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள். விரும்புகிறவர் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் படிக்கும் செய்தியிலும் இதைத் தேடுங்கள். நிருபர் நேரில் போனாரா, தொலைபேசியில் கேட்டாரா? ‘கூறப்படுகிறது’ என்றால் கூறியது யார்? குற்றம் சாட்டப்பட்டவரிடம் பேசினார்களா? நேற்று தவறாக வந்ததை இன்று திருத்தினார்களா? இரண்டு செய்திகளிலும் இதற்கெல்லாம் பதில் இல்லையென்றால், இரண்டையுமே நம்பாமல் காத்திருங்கள். யாருக்கும் அனுப்பியும் வைக்காதீர்கள்.

அன்புடன்.