நிலா ஏன் கீழே விழவில்லை என்று குழந்தை கேட்டால்?

கேள்வி: என் ஆறு வயது மகள், "தூக்கிப் போட்ட பந்து கீழ வருது, நிலா மட்டும் ஏன் விழல?" என்று கேட்கிறாள். "விண்வெளியில் ஈர்ப்பு விசை கிடையாது" என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரியா?

பதில்: அதை மட்டும் சொல்லாதீர்கள். பூமியின் ஈர்ப்பு இல்லையென்றால் நிலா நம்மைச் சுற்றவே சுற்றாது, தன் போக்கில் எங்கோ போயிருக்கும்.

என் மகனுக்கு நான் சொன்னது, "நிலா விழுந்துகிட்டேதான் இருக்கு." நம்ப மாட்டார்கள். நம்பாமல் நம்மை ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், அப்போதுதான் காது கொடுத்துக் கேட்பார்கள்.

மொட்டை மாடிக்கோ மைதானத்துக்கோ ஒரு பந்தோடு போங்கள். மெதுவாக எறிந்தால் காலடியில் விழும், வேகமாக எறிந்தால் தள்ளிப் போய் விழும். இன்னும் வேகமாக எறிந்தால்? இன்னும் தள்ளி. பூமி உருண்டை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தால் அடுத்த படி சுலபம்: ரொம்ப ரொம்ப வேகமாக எறிந்தால் பந்து கீழே இறங்க இறங்க, தரையும் வளைந்து கீழே போய்க்கொண்டே இருக்கும். பந்து தரையைத் தொடவே தொடாது. நியூட்டன் இதையே உயரமான மலை உச்சியில் ஒரு பீரங்கியை வைத்து யோசித்தார்.

கணக்கு உங்களுக்கு, அவளுக்கு இப்போது வேண்டாம். கையிலிருந்து விட்ட பொருள் முதல் வினாடியில் சுமார் 5 மீட்டர் விழும். பூமியின் பரப்பு 8 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அதே 5 மீட்டர் வளைகிறது. ஆக, காற்று குறுக்கே வராவிட்டால், வினாடிக்கு 8 கிலோமீட்டர் வேகம் போதும். நிலா இருப்பது சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில். அங்கே ஈர்ப்பு மிகவும் குறைவு என்பதால் வினாடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்திலேயே சமாளிக்கிறது. அந்த ஒரு வினாடியில் அது நம் பக்கம் விழுவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

"அப்போ ராக்கெட்ல போனவங்க ஏன் மிதக்கறாங்க?" என்று கட்டாயம் வரும். சர்வதேச விண்வெளி நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான். தரையில் உள்ள ஈர்ப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே விழுவதால் மிதப்பது போலிருக்கிறது. பெரியவர்கள் பலரே இங்கேதான் தடுக்கி விழுகிறோம், "அங்கே ஈர்ப்பு இல்லை" என்ற பதிலும் இதிலிருந்து வருவதுதான்.

"நிலாவ யாரு எறிஞ்சா?" என்று கேட்டால், சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் செவ்வாய் அளவு கோள் ஒன்று பூமிமேல் மோதி, தெறித்த துண்டுகள் சேர்ந்து நிலா ஆனது என்பதே பெரும்பாலான விஞ்ஞானிகளின் கணிப்பு. அந்தத் தெறிப்பின் வேகம்தான் இது. நிறுத்த அங்கே காற்றும் இல்லை. (வடை சுடும் பாட்டியை இதற்காக வீட்டைவிட்டுத் துரத்த வேண்டியதில்லை.)

சில குழந்தைகள் "ஒரு நாள் நம்ம மேல விழுந்துடுமா?" என்று பயப்படும். விழாது, விலகித்தான் போகிறது, ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர். 1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் அங்கே விட்டு வந்த பிரதிபலிப்பான் மேல் லேசர் ஒளியை அடித்து அளக்கிறார்கள். உடனே "அப்போ நம்மள விட்டுப் போயிடுமா?" என்று அழுகை வரலாம். ஒரு அடி ஸ்கேலை எடுத்து 23 சென்டிமீட்டரைக் காட்டி, "நீ பிறந்ததுலேர்ந்து இவ்வளவுதான் நகர்ந்திருக்கு" என்று சொல்லுங்கள்.