அண்ணனுக்கு மனச்சிதைவு, அம்மாவுக்குச் சர்க்கரை: இரண்டும் ஒரே மரபணுவா?

கேள்வி: என் அண்ணனுக்கு 34 வயது. ஆறு வருடமாக மனச்சிதைவு நோய்க்கு இரவில் ஓலான்சபின் 20 மி.கி. சாப்பிடுகிறார். எடை 14 கிலோ கூடிவிட்டது. வெறும் வயிற்றில் சர்க்கரை 148. அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. இரண்டு நோயும் ஒரே மரபணுவில் வருவதாகவும், 18,000 ரூபாய் கொடுத்து எச்சில் பரிசோதனை செய்தால் எனக்கு வருமா என்பது தெரிந்துவிடும் என்றும் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? அண்ணனின் மாத்திரையை நிறுத்தலாமா? – வாசகி, கீழக்கரை

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

இரண்டு நோய்க்கும் உறவு உண்டு என்பது பழைய செய்தி. மனநோய் உள்ள குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தென்படுகிறது என்று இங்கிலாந்தின் மனநல மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி 1879-லேயே எழுதினார். ஒரு மாத்திரைகூடத் தொடாத புதிய நோயாளிகளிடமும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததைப் பின்னர் கண்டார்கள். டிசிஎஃப்7எல்2 என்ற சர்க்கரை மரபணு சில மனச்சிதைவு ஆய்வுகளிலும் தலைகாட்டியது. ஆனால் மொத்த மரபணுக்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில் இரண்டுக்கும் பொதுவான பங்கு மிகச் சிறியதுதான். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றும் நோய் வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகின்றன. எந்த எச்சில் டப்பாவும் உங்களுக்கு 'வரும், வராது' என்று சொல்லாது. மனச்சிதைவு உள்ளவருடன் பிறந்த நூறு பேரில் சுமார் ஒன்பது பேருக்கு அது வரலாம். மற்றவர்களுக்கு வருவதில்லை. கல்யாணப் பேச்சு நடக்கும் வீடாகப் பார்த்துத்தான் கமிஷன்காரர்கள் இந்தப் பரிசோதனையை விற்கிறார்கள்.

அண்ணனின் சர்க்கரையில் பெரும் பங்கு எடைக்கும் மாத்திரைக்கும் உரியது. மனச்சிதைவு மருந்துகளில் ஓலான்சபினும் குளோசபினும்தான் இதில் மோசம். அரிபிப்ரசோல் என்ற மருந்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மருந்தை மாற்றுவதா, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்ப்பதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாற்றுவதென்றால் வாரக்கணக்கில் படிப்படியாகத்தான். திடீரென நிறுத்தினால் முதல் சில வாரம் 'நல்லாயிட்டார்' என்றுகூடத் தோன்றும், பிறகுதான் நோய் திரும்பும். 'இரண்டையும் ஒரே பொடியில் தீர்க்கிறோம்' என்பவர்கள் அந்தச் சில வாரத்தைக் காட்டித்தான் பணம் பறிக்கிறார்கள். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சர்க்கரை இன்னும் ஏறும்.

குளோசபின் சாப்பிடுபவருக்கு மட்டும் கணக்கே வேறு. இரண்டு மருந்துகள் பலிக்காத பிறகுதான் அதைக் கொடுப்பார்கள். சர்க்கரை வந்துவிட்டது என்பதற்காக அதை மாற்றினால் இழப்பு பெரிது. சர்க்கரைக்குத் தனியாக வைத்தியம் செய்ய வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை வீட்டிலேயே தொடங்கக் கூடாது, 12.5 மி.கி.யிலிருந்து மருத்துவர்தான் மறுபடி ஏற்ற வேண்டும். புகைப்பதைத் திடீரென விட்டால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும், அதையும் சொல்லிவிடுங்கள். வெள்ளணுப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

148 என்பது 126-க்கு மேல். இன்னொரு முறை பார்த்து, கூடவே மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் (HbA1c) எடுங்கள்; 6.5 சதவீதம் தொட்டால் சர்க்கரை நோய்தான். மனநலப் பிரிவில் நாடா வைத்து இடுப்பை அளப்பதில்லை. சர்க்கரைப் பிரிவில் மனநலச் சீட்டைக் கேட்பதில்லை. ஒரே ஆளை இரண்டு வரிசையில் நிற்க வைத்து இரண்டு பாதியாகப் பார்க்கும் ஏற்பாடு இது, எத்தனை முறை சொன்னாலும் மாறவில்லை. ஒரே நோட்டில் எடை, இடுப்பு, சர்க்கரை, எல்லா மாத்திரைகளையும் எழுதி இரண்டு இடத்திலும் காட்டுங்கள். மருந்து மாற்றினால் 4, 8, 12-ஆம் வாரங்களில் எடை, 12-ஆம் வாரம் சர்க்கரை. ஆணுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

ஓலான்சபின் பசியைத் தூண்டும். ராத்திரி பரோட்டாவும் கலரும் வேண்டாம். சுண்டல், வெள்ளரி கையருகே இருக்கட்டும். கருப்பட்டியும் சர்க்கரைதான். வளைகுடாவிலிருந்து வரும் பேரீச்சம்பழமும் அப்படியே.

'மாதம் இவ்வளவு கொடுத்தால் ஏர்வாடிப் பக்கம் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்' என்று யாரும் வந்தால் கதவைச் சாத்துங்கள். ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 தீயில் சங்கிலியோடு கருகிய 28 பேரும் அப்படி விடப்பட்டவர்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. சர்க்கரை யார் பார்ப்பார்கள் அங்கே?

அடங்காத தாகம், ஓயாத சிறுநீர், வாந்தி, அரைமயக்கம் கண்டால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை பற்றிய சந்தேகத்துக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை. உங்களுக்கு வேண்டியது ஆண்டுக்கொரு முறை வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை மட்டுமே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே எடுக்கலாம்.