டி-யில் தொடங்கிய அகராதி

அன்புள்ள சார்,

வேலைக்காக டப்ளின் வந்து இரண்டு வருடம் ஆகிறது. டாசன் தெருவில் 19ஆம் எண் கட்டடத்தைத் தினமும் கடந்து போகிறேன். ராயல் ஐரிஷ் அகாடமி என்று பலகை. அங்கே என்ன நடக்கிறது என்று கூட வேலை பார்க்கும் ஐரிஷ் நண்பரிடம் கேட்டேன். "பேராசிரியர்கள் கூடி டீ குடிப்பார்கள்" என்று சிரித்தார். ஒரே ஒரு ஐரிஷ் மொழி அகராதியை 63 வருடம் போட்டார்களாம், அதையும் 'டி' எழுத்தில் தொடங்கினார்களாம். இங்கே பஸ்ஸிலும் கடையிலும் என் காதில் விழுவதெல்லாம் ஆங்கிலம்தான். பேச ஆள் குறைந்துபோன மொழிக்கு இத்தனை பெரிய அமைப்பு எதற்கு? குடியரசு நாட்டில் 'ராயல்' என்ற பெயர் வேறு!

எஸ்., டப்ளின்

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. 1785இல் சார்ல்மாண்ட் பிரபுவைத் தலைவராகக் கொண்டு அந்த ஆய்வு அமைப்பு தொடங்கியபோது கனவான்களின் சபையாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சாசனம் கிடைத்தது. 'ராயல்' அப்படி ஒட்டிக்கொண்டது. நாடு குடியரசான பிறகும் யாரும் அதை உரித்தெடுக்கவில்லை. வடக்கு, தெற்கு என்று பிரியாமல் முழுத் தீவுக்கும் பொதுவான அமைப்பு அது. பெயரைத் தொடாமல் விட்டதே புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், டீ குடிக்கப் போகிற வழியிலும் சில காரியங்கள் நடந்துவிடுகின்றன. 1843 அக்டோபர் 16 அன்று அகாடமியின் தலைவராக இருந்த கணித அறிஞர் வில்லியம் ரோவன் ஹாமில்டன், அதன் கூட்டத்துக்காக ராயல் கால்வாய்க் கரையோரம் மனைவியுடன் நடந்து போய்க்கொண்டிருந்தார். வருடக்கணக்காக மண்டையைக் குடைந்த கணக்கு அந்த நடையில் பிடிபட்டது. அங்கிருந்த பாலத்துக் கல்லில் கத்தியால் சூத்திரத்தைக் கீறிவைத்தார். நான்கு கூறுகள் கொண்ட எண்களுக்கான சூத்திரம் அது; அந்த எண்களுக்குக் குவாட்டர்னியன் என்று பெயர். முப்பரிமாண உருவங்களைத் திரையில் சுழற்ற இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, அகராதிக்கு வருவோம். உங்கள் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அந்த அகராதி பஸ்ஸில் பேசுகிறவர்களுக்கானது அல்ல. அகாடமியின் நூலகத்தில் பதப்படுத்திய தோலில் எழுதிய சுவடிகள் இருக்கின்றன. சுமார் 1100ஆம் ஆண்டைச் சேர்ந்த 'பழுப்புப் பசுவின் நூல்' அவற்றில் ஒன்று. அதில் கூலி என்ற ஊரில் ஆநிரை கவரும் பெருங்கதை இருக்கிறது. வெட்சித் திணை படித்தவர்களுக்கு அந்தக் கதைக்குள் நுழைய வழிகாட்டி தேவைப்படாது. ஆனால் அயர்லாந்தின் மேற்குக் கரையோரத்தில் பிறந்து வீட்டில் ஐரிஷ் பேசி வளர்ந்த ஒருவரிடம் அந்தச் சுவடியைக் கொடுத்தால் தடுமாறிப்போவார். மொழி அவ்வளவு மாறிவிட்டது. பழைய ஐரிஷுக்கும் இடைக்கால ஐரிஷுக்கும் அகராதி இல்லையென்றால் சுவடிகள் வெறும் தோல்தான்.

படிக்கத் தெரிந்தவர்கள் ஒருகாலத்தில் இருந்தார்கள். கனவான்கள் அல்ல. யூஜீன் ஓ'கரி கிளேர் மாவட்டத்து விவசாயி மகன், ஒழுங்கான பள்ளிப்படிப்பு கிடையாது, சுவடி படிக்க அப்பாவிடம் கற்றவர். அவரும் ஜான் ஓ'டொனவனும்தான் அகாடமியின் சுவடிகளை உட்கார்ந்து படித்தவர்கள். ஓ'டொனவன் பதிப்பித்த 'நான்கு ஆசான்களின் ஆண்டேடு' என்ற ஐரிஷ் வரலாற்று நூல் 1851இல் முடிந்தது. அதன் மூலப்பிரதியின் ஒரு பகுதியை ஏலத்தில் எடுத்து, கூடுதல் விலைக்கு விற்காமல், கொடுத்த விலைக்கே அகாடமிக்குத் தந்தவர் ஜார்ஜ் பெட்ரி என்ற ஓவியர். அகராதிப் பேச்சும் அந்த 1850களில்தான் எழுந்தது. ஆனால் 1861இல் ஓ'டொனவன் இறந்துபோனார், மறுவருடம் ஓ'கரி. இடையில் பெரும்பஞ்சமும், பிழைப்புத் தேடி மக்கள் கப்பலேறியதும் மேற்கு அயர்லாந்தின் ஐரிஷ் பேசும் ஊர்களைக் காலிசெய்திருந்தன.

முதல் பகுதி 1913இல் வந்தது. நண்பர் சொன்னது சரி, 'டி'யில்தான் தொடங்கியது. குனோ மேயர் என்ற ஜெர்மானிய அறிஞர் ஏ, பி, சி எழுத்துகளுக்கான சொற்களைத் தனியாகத் தொகுத்து ஏற்கெனவே வெளியிட்டிருந்தார். அகாடமியின் பகுதியைப் பதிப்பித்தவர் கார்ல் மார்ஸ்ட்ராண்டர் என்ற நார்வேக்காரர். பேச்சு ஐரிஷ் கற்க, அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள பிளாஸ்கெட் தீவில் போய்த் தங்கியவர் அவர். தீவுக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'வைக்கிங்'. அடுத்த பகுதி வர 1932 ஆயிற்று! நடுவில் ஒரு உலகப்போர், ஒரு எழுச்சி, ஒரு விடுதலைப்போர், ஒரு உள்நாட்டுப்போர். கடைசிப் பகுதி 1976இல். 63 வருடம் என்று நண்பர் சிரிக்கலாம். தொடங்கியவர் முடிப்பதைப் பார்க்க முடியாத வேலையைத் தனி ஆளோ தேர்தலுக்குத் தேர்தல் மாறும் அரசோ எடுக்காது. ஆள் செத்தால் நாற்காலியில் இன்னொருவரை உட்காரவைக்கிற அமைப்புதான் எடுக்கும். 2007இல் வடக்கு அயர்லாந்துப் பல்கலைக்கழகத்தவர்கள் அந்த அகராதியை இணையத்தில் ஏற்றினார்கள். இப்போது யாரும் இலவசமாகத் தேடலாம்.

நம் பக்கத்துக்கு ஒரு தொடர்பு உண்டு. டப்ளினில் பிறந்த விட்லி ஸ்டோக்ஸ் 1862இல் வழக்கறிஞராக மதராஸ் வந்தார். அப்புறம் கல்கத்தா. வைஸ்ராயின் சபையில் சட்ட உறுப்பினராகி, இந்தியச் சட்டங்களை வரைந்தவர்களில் ஒருவரானார். மிச்ச நேரத்தில் பழைய ஐரிஷ் உரைக்குறிப்புகளைப் பதிப்பித்தார். அவருடைய ஐரிஷ் நூல் ஒன்று 1866இல் கல்கத்தாவில் அச்சானது. வங்காளத்து அச்சகத்தில் பழைய ஐரிஷுக்கு எழுத்துக் கோத்தவர் என்ன நினைத்திருப்பாரோ!

குறை சொல்லவும் இருக்கிறது. விட்லியின் தங்கை மார்கரெட் ஸ்டோக்ஸ் ஐரிஷ் தொல்கலையில் பெரிய ஆய்வாளர். அவரைக் கௌரவ உறுப்பினராக மட்டும்தான் வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் அப்பா வில்லியம் ஸ்டோக்ஸ் அகாடமியின் தலைவராக இருந்தவர். பெண்களை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது 1949இல்தான். முதல் நால்வரில் ஒருவர் எலினார் நாட். அதற்கு வெகுமுன்பே இதே அகராதியில் உழைத்துக்கொண்டிருந்தவர். வேலை வாங்கத் தயங்கவில்லை, நாற்காலி போடத்தான் தயங்கினார்கள். இதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது.

அடுத்த முறை மழை பெய்தால் குடையை மடித்துக்கொண்டு உள்ளே நுழையுங்கள். கஹாக் என்ற சுவடி, பைபிளின் சங்கீதப் பாடல்களைக் கொண்டது, அங்கேதான் இருக்கிறது. பெயருக்குப் 'போராளி' என்று பொருள். ஓ'டொனல் குலத்தார் போருக்கு முன் அதைப் படையைச் சுற்றித் தூக்கிப்போவார்களாம். கொலம்பா என்ற துறவி இன்னொருவர் நூலைத் திருட்டுத்தனமாக நகலெடுத்தார், 'பசுவுக்கு உரியது கன்று, நூலுக்கு உரியது நகல்' என்று அரசன் தீர்ப்பளித்தான், அதில் போர் மூண்டது, அந்த நகல்தான் இந்தச் சுவடி என்பது கதை. கதையை விடுங்கள். மிஞ்சியிருப்பது 58 ஏடுகள், வயது சுமார் 1400 வருடம். சுவடியைக் காட்சிக்கு வைத்திருக்காவிட்டால் அதன் பிரதியையாவது காட்டச் சொல்லுங்கள். டீ கொடுத்தார்களா என்று எனக்கு எழுதுங்கள்.