தொற்றுக் காலத்தில் வேளாண் தரச் சான்றிதழைத் தக்கவைப்பது எப்படி?

கேள்வி: சிறு விவசாயிகள் பலர் சேர்ந்து நடத்தும் காய்கறி உற்பத்தியாளர் குழுவில் தர மேலாளராகப் பணிபுரிகிறேன். நல்ல வேளாண் நடைமுறைகளுக்கான உலகளாவிய தரத்திட்டமான குளோபல் கேப்பின் குழுச் சான்றிதழ் வைத்திருக்கிறோம். கோவிட் காலத்தில் தணிக்கையாளர் வர இயலாமல் போனதால் சான்றிதழ் காலாவதியாகி, கொள்முதல் சிறிது காலம் நின்றது. அப்படியொரு நிலை மீண்டும் வந்தால், நேரடித் தணிக்கை இல்லாமலே சான்றிதழைத் தக்கவைக்க முடியுமா? காணொளி வழித் தணிக்கையை வாங்குபவர்கள் ஏற்பார்களா?

பதில்: தணிக்கையாளர் நேரில் வர முடியாத நிலையிலும் சான்றிதழைத் தொடர வழி உண்டு. ஆனால் அது தானாகக் கிடைக்கும் சலுகை அன்று. காலாவதித் தேதிக்கு முன்பாக, உரிய ஆதாரங்களோடு உற்பத்தியாளரே கேட்டுப் பெற வேண்டியது. இத்தகைய காலங்களில் சான்றிதழ் கைநழுவுவதற்கு வயலில் நேர்ந்த தவறு காரணமாக இருப்பது அரிது என்றே கருதுகிறேன். தேதி கடந்த பிறகு கடிதம் எழுதியதும், இடைப்பட்ட மாதங்களில் என்ன நடந்தது என்பதற்குப் பதிவேடு இல்லாததும்தான் பெரும்பாலும் காரணமாகின்றன.

முதலில் விதிகளின் அடிப்படையைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று வகைப்படுத்தியது 2020 மார்ச் 11இல். ஆனால் தணிக்கை நடத்த முடியாத அசாதாரணச் சூழலில் சான்றளிப்பு நிறுவனம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கான வழிகாட்டுதல் அதற்கு முன்பே இருந்தது. ஐஏஎஃப் எனப்படும் சர்வதேச அங்கீகார மன்றம் 2011இல் வெளியிட்ட ‘ஐடி 3’ என்னும் ஆவணம் அது. மேலாண்மை அமைப்புச் சான்றிதழ்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதாயினும், உணவு மற்றும் வேளாண் தரத்திட்டங்கள் 2020இல் எடுத்த முடிவுகளிலும் அதே சிந்தனையைக் காணலாம். போதிய ஆதாரம் திரட்டப்பட்டு, அமைப்பு ஒழுங்காக இயங்குகிறது என்ற நம்பிக்கை ஏற்பட்டால், சான்றிதழை அதன் முடிவுத் தேதியிலிருந்து பொதுவாக ஆறு மாதங்களுக்கு மிகாமல் நீட்டிக்கலாம் என்பது அதன் சாரம். தரத்திட்டங்களை ஒப்பிட்டு ஏற்பு வழங்கும் ஜிஎஃப்எஸ்ஐ அமைப்பும் 2020இல் அதே ஆறு மாத வரம்பையே அனுமதித்தது. குளோபல் கேப்பில், பெருந்தொற்று ஏதுமில்லாத சாதாரணக் காலத்துக்கும் பொருந்தும் நீட்டிப்பு விதி ஐந்தாம் பதிப்பிலேயே உண்டு: தக்க காரணம் இருந்தால் பன்னிரண்டு மாதச் சான்றிதழை மேலும் நான்கு மாதம் வரை நீட்டிக்கலாம். ஆனால் பழைய சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்துக்குள்ளேயே அடுத்த சுற்றுக்கான பதிவு முடிந்து, கட்டணமும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். நீட்டித்த காலத்துக்குள் தணிக்கையும் நடந்துவிட வேண்டும்.

இங்குதான் பலர் சறுக்குகிறார்கள். காலாவதியான சான்றிதழை நீட்டிக்க இயலாது. தணிக்கை எப்படியும் நடக்கப்போவதில்லை என்று அடுத்த சுற்றுக்கான கட்டணத்தை நிறுத்திவைப்பது, மிச்சம் பிடிப்பது போலத் தோன்றினாலும், நீட்டிப்புக்கான தகுதியையே இழக்கச் செய்யும். ஆகவே நடமாட்டக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்ட உடனேயே, காலாவதிக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தாலும், சான்றளிப்பு நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். தொலைபேசியில் பேசி வாய்மொழி உறுதி பெறுவதில் பயனில்லை. நீட்டிப்பு வழங்கப்பட்டதும், உங்களை அடையாளப்படுத்தும் பதின்மூன்று இலக்க ஜிஜிஎன் என்னும் குளோபல் கேப் பதிவு எண்ணைக் குளோபல் கேப் தரவுத்தளத்தில் உள்ளிட்டு, புதிய தேதி அங்கே தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். வாங்குபவர் பார்ப்பது அந்தத் தரவுத்தளத்தைத்தான். உங்கள் கோப்பில் உள்ள கடிதத்தை அன்று.

அந்த விண்ணப்பக் கடிதத்தில் என்ன எழுதுவது? ‘தணிக்கையாளர் வர முடியவில்லை, ஆகவே நீட்டித்துத் தருக’ என்ற ஒற்றை வரி போதாது. சான்றளிப்பு நிறுவனம் தன் முடிவுக்கு எழுத்து வடிவில் இடர் மதிப்பீடு வைத்திருக்க வேண்டும். சான்றளிப்பு நிறுவனங்களை மேற்பார்வையிடும் அங்கீகார அமைப்பு பின்னர் அதைக் கேட்கும். அந்த மதிப்பீட்டுக்கான விவரங்களை நீங்களே முன்வந்து கொடுத்தால் முடிவு விரைவாக வரும். பேக்கிங் கூடம் இயங்குகிறதா, எத்தனை உறுப்பினர்கள் அறுவடையைத் தொடர்கிறார்கள், ஏதேனும் வேலை வெளியாருக்கு ஒப்படைக்கப்பட்டதா, வேறு இடத்தில் தரம் பிரித்தல் நடக்கிறதா, இருப்பில் உள்ள சரக்கு வாங்குபவரின் நிபந்தனைகளுக்கு இன்னும் பொருந்துகிறதா, இயல்பு நிலைக்கு எப்போது திரும்புவீர்கள் என்ற கேள்விகளுக்கு அந்தக் கடிதம் விடை தர வேண்டும். ‘எல்லாம் வழக்கம்போல்’ என்று எழுதும் கடிதத்தை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். ஊரே முடங்கிய நேரத்தில் எதுவும் மாறவில்லை என்றால், மாறியதைக் கவனிக்கவில்லை என்றுதான் பொருள்.

உங்களுடையது குழுச் சான்றிதழ் என்பதால் உள் ஆய்வைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். குழு முறையில் சான்றளிப்பு நிறுவனத்தின் தணிக்கையாளர் எல்லாப் பண்ணைகளுக்கும் செல்வதில்லை. உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவிலான மாதிரியையே பார்க்கிறார். நூறு உறுப்பினர்கள் என்றால் பத்துப் பண்ணைகள். மீதித் தொண்ணூறையும் சேர்த்து ஒவ்வொரு பண்ணையையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டியவர் உங்கள் குழுவின் உள் ஆய்வாளர். ஆகவே வெளித் தணிக்கையாளர் வராததைவிட உள் ஆய்வு நின்றுபோவதே உங்களுக்குப் பெரிய ஆபத்து. முன்னதற்கு நீட்டிப்பு உண்டு; பின்னது நின்றால், நீட்டிப்பைக் கேட்பதற்கான ஆதாரமே இல்லாமல் போகும்.

உள் ஆய்வாளர் ஒருவரை மட்டுமே நம்பியிருக்கும் குழுவில் அவர் நோயுற்றாலோ, அவருடைய பகுதி அடைக்கப்பட்டாலோ அனைத்தும் நின்றுவிடும். பக்கத்து வயல்காரர் ஒருவரை அனுப்பிச் சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பி வாங்குவதும் செல்லாது. உள் ஆய்வாளருக்கெனத் தகுதியும் பயிற்சியும் விதிக்கப்பட்டுள்ளன, தம் சொந்தப் பண்ணையை அவரே ஆய்வு செய்யவும் கூடாது. எனவே வெவ்வேறு பகுதிகளில் வசிக்கும் குறைந்தது இருவருக்காவது இப்போதே பயிற்சி அளித்து, சான்றுகளைக் கோப்பில் சேர்த்துவையுங்கள். நேரில் செல்லவே முடியாத நிலையில் கைப்பேசிக் காணொளி வழியாக உள் ஆய்வு நடத்தலாமா என்பதைச் சான்றளிப்பு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதில் வந்த பின்பே தொடங்குங்கள். அனுமதி கிடைத்தாலும் எல்லாப் பண்ணைகளையும் ஒரே முறையில் பார்ப்பது சரியன்று. புதிதாகச் சேர்ந்தவர்கள், சென்ற ஆண்டு குறைபாடு பதிவானவர்கள், பச்சையாக உண்ணும் கீரை வகைகளை விளைவிப்பவர்கள் ஆகியோரின் பண்ணைகளை நேரில் பார்ப்பதற்கென ஒதுக்கி, மற்றவற்றைக் காணொளிக்கு விடலாம். அந்தத் தேர்வுக்கான காரணத்தையும் ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள்.

அன்றாட வேலையில் ஏற்படும் விலகல்கள் அடுத்தது. வழக்கமான விதை விற்பனையாளரோ பூச்சிமருந்துக் கடையோ மூடியிருந்ததால் வேறிடத்தில் வாங்கியிருப்பீர்கள், தராசின் அளவுத்திருத்தத் தேதி கடந்திருக்கும், பயிற்சி தள்ளிப்போயிருக்கும், பூச்சிமருந்து எச்சப் பரிசோதனைக்கான மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேராமல் கிடந்திருக்கும். இவற்றில் எதுவும் தனியாகச் சான்றிதழைப் பறித்துவிடாது. எந்த நாளில் எது தவறியது, அதனால் விளையும் இடர் என்ன, மாற்றாக என்ன செய்யப்பட்டது, எப்போது சரிசெய்யப்படும் என்ற நான்கையும் அன்றைய தேதியிட்டு எழுதினால் போதும். ஆறு மாதம் கழித்து ஒரே மையில், ஒரே கையெழுத்தில் மொத்தமாக எழுதப்பட்ட பதிவேட்டைத் தணிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். பதிவேடு விடுபட்டதைக் குறைபாடாக ஏற்றுத் திருத்த முடியும்; புனைந்த பதிவேடு வெளிப்பட்டால் குழுவின் நேர்மையே கேள்விக்குள்ளாகும்.

கிருமிநாசினி பற்றியும் எச்சரிக்க வேண்டியுள்ளது, ஏனெனில் அச்சத்தில் செய்யும் தூய்மைப் பணியே புதிய இணக்கமின்மையை உண்டாக்கக்கூடும். உணவின் வழியாகக் கோவிட் பரவுவது மிகவும் அரிது என்று உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2020 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே கூறிவிட்டன. ஆகவே காய்களின் மீதோ கூடைகளின் மீதோ கிருமிநாசினி தெளிப்பதற்கு உணவுப் பாதுகாப்புக் காரணம் ஏதுமில்லை. மாறாக, பல கிருமிநாசினிகளில் உள்ள பென்சால்கோனியம் குளோரைடு விளைபொருளில் எச்சமாகத் தங்கும். 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமாக இருந்தது. தரம் பிரிக்கும் மேசையைத் துடைத்துவிட்டுத் தண்ணீரால் கழுவாமல் விட்டால், பூச்சிமருந்தே தெளிக்காத வயலின் விளைச்சல்கூட எச்சப் பரிசோதனையில் தோற்கலாம். வயலுக்குரிய கைத்தெளிப்பானை எடுத்து வளாகத்தில் கிருமிநாசினி அடித்துவிட்டு, மறுநாள் அதையே பயிருக்குக் கொண்டுபோவதைத் திட்டவட்டமாகத் தடுத்துவிடுங்கள். பயன்படுத்தும் ஒவ்வொரு கிருமிநாசினிக்கும் லேபிளையும் பாதுகாப்புத் தரவுத்தாளையும் கோப்பில் வைத்து, உணவு படும் பரப்புகளுக்கு அது ஏற்றதா என்பதைக் குறித்துவையுங்கள்.

இனி, காணொளித் தணிக்கை. இது கோவிட் காலத்தில் தோன்றிய புதுமையன்று; தகவல் தொழில்நுட்பத்தைத் தணிக்கைக்குப் பயன்படுத்துவதற்கான ‘எம்டி 4’ என்னும் ஐஏஎஃப் ஆவணத்தின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பே அப்போது நடைமுறையில் இருந்தது. காணொளியைப் பதிவு செய்வது, தரவைக் காப்பது போன்றவற்றில் இரு தரப்பும் முன்கூட்டியே உடன்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. ஆனால் வாங்குபவர்கள் ஏற்பார்களா என்ற உங்கள் கேள்விக்கு ஒரே விடை இல்லை. ஆவணப் பகுதியைத் தொலைவிலிருந்தும், பண்ணைப் பகுதியைப் பின்னர் நேரிலும் முடிக்கும் இருகட்டத் தணிக்கையை ஜிஎஃப்எஸ்ஐ ஏற்றது. முழுவதும் தொலைவிலிருந்தே நடத்தப்படும் தணிக்கைக்கு அந்த ஏற்பு கிடைக்கவில்லை. குளோபல் கேப் தொற்றுக் காலத்தில் அறிமுகம் செய்த முழுத் தொலைவுத் தணிக்கையும் ஜிஎஃப்எஸ்ஐ ஏற்பு இல்லாத தனி வகையாகவே நின்றது. எனவே உங்கள் வாங்குபவரின் ஒப்பந்தத்தில் அந்த ஏற்பு நிபந்தனையாக உள்ளதா என்று பார்த்த பிறகே எந்த வழி என்று தீர்மானியுங்கள். நிபந்தனை இருந்தால், முழுத் தொலைவுத் தணிக்கைக்குச் செலவிடுவதைவிட நீட்டிப்பைப் பெற்றுக்கொண்டு நேரடித் தணிக்கைக்குக் காத்திருப்பதே மேல்.

தொலைவுத் தணிக்கையைத் தேர்ந்தால், வயலிலும் மருந்துக் கிடங்கிலும் இணைய இணைப்பு தாங்குமா என்று முன்தினமே சோதியுங்கள். கிடங்கின் கான்கிரீட் சுவருக்குள் பெரும்பாலும் தாங்காது. கேமராவைத் தணிக்கையாளர் சொல்லும் பக்கம் திருப்ப வேண்டும்; நீங்கள் காட்ட விரும்பும் பக்கமன்று. ஆவணங்களை முன்கூட்டியே அனுப்பும்போது, அறுவடையாகி வந்த அளவும் விற்றுப்போன அளவும் பொருந்துகின்றனவா என்ற ஒப்பீட்டையும் சேர்த்தே அனுப்புங்கள், ஏனெனில் நேரில் வராத தணிக்கையாளர் முதலில் தேடுவது அதுவே.

இத்தனைக்குப் பிறகும் சான்றிதழ் காலாவதியாகிவிட்டால், அன்றே வாங்குபவர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சான்றிதழ் எண் அச்சிட்ட லேபிள்களையும் விலைச்சீட்டுகளையும் உடனே நிறுத்துங்கள். செல்லுபடியாகும் காலத்தில் அறுவடையான சரக்கு கையிருப்பில் இருந்தால், அதைத் தொகுதி எண்ணோடு தனியே பிரித்து அடுக்கி, சான்றுள்ளதாக விற்கலாமா என்பதைச் சான்றளிப்பு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதில் வரும்வரை அனுப்பாதீர்கள். புதிய தணிக்கையில் குறைபாடுகள் பதிவானால், ஏற்கெனவே சான்றிதழ் பெற்றுத் தொடர்பவர்களுக்கான கெடு 28 நாட்கள். அதற்குள் திருத்த நடவடிக்கைக்கான சான்றுகள் போய்ச் சேர வேண்டும் என்பதால், தணிக்கைக்கு அடுத்த ஒரு மாதத்தில் தர மேலாளருக்கு வேறு பெரிய வேலை எதையும் ஒப்படைக்க வேண்டாம் என்று இப்போதே குழு நிர்வாகத்திடம் சொல்லிவையுங்கள்.