கேளுங்கள், சொல்கிறேன்: இரண்டு சுர விசில்

கேள்வி: 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தில் கைதிகள் விசிலடித்தபடி அணிவகுத்து வருவார்களே, அந்த மெட்டு படத்துக்காகப் போட்டதா?

பதில்: இல்லை. படம் வந்தது 1957-இல். 'கர்னல் போகி' என்ற அந்த மார்ச், அதாவது அணிவகுப்பு இசை, 1914-இலேயே பிறந்துவிட்டது. படத்தின் இசையமைப்பாளர் மால்கம் அர்னால்ட் அதோடு சேர்ந்து ஒலிக்க இன்னொரு மார்ச் எழுதினார். அதனால் பலர் எல்லாமே அவருடையது என்று நினைத்துவிடுகிறார்கள். முப்பது வருடம் பேண்டில் யூஃபோனியம் என்ற பித்தளை ஊதுகருவி வாசித்தவன் என்பதால் எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு.

எழுதியவர் ஃபிரெடரிக் ஜோசப் ரிக்கெட்ஸ். 1881-இல் லண்டனில் பிறந்தார். தாய் தந்தை இருவரையும் இழந்து, 14 வயதில் ராணுவ பேண்டில் சேர்ந்த பையன். 1908-இல் ஒரு ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் பேண்ட் மாஸ்டர் ஆனார்.

ஸ்காட்லாந்தில் இன்வெர்னஸ் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானம். பந்து பறக்கும்போது முன்னால் நிற்பவர்களை எச்சரிக்கச் சத்தம் போடுவது வழக்கம். இவரோடு ஆடிய ஒருவர் சத்தம் போடாமல் இரண்டு சுரம் விசிலடிப்பாராம். நம் கணக்கில் 'ப'விலிருந்து சட்டென்று 'க'வுக்கு இறங்கும் விசில். அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ரிக்கெட்ஸ் எழுதிவிட்டார். போகி என்பது கோல்ஃப் ஆட்டக்காரர்கள் எதிராளியாக வைத்துக்கொண்ட கற்பனை கர்னல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். படத்தில் கைதிகள் பாலம் கட்டுவது, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், போட்ட ரயில் பாதைக்காக. அந்த நிஜமான சயாம் ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்த விசிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான்.

கேள்வி: இசைத்தாளில் கென்னத் ஆல்ஃபோர்ட் என்று இருக்கிறதே?

பதில்: அவரேதான். ராணுவத்தில் வேலை பார்த்துக்கொண்டே வெளியே இசை எழுதி விற்பதை அன்றைய மேலிடம் விரும்பவில்லை. அதனால் புனைபெயர். ஆல்ஃபோர்ட் அவருடைய அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். 1927-இல் பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த ராயல் மரீன்ஸ் படையின் பேண்டுக்கு மாறி, 1944-இல் ஓய்வு பெற்றார். அடுத்த வருடமே இறந்துவிட்டார்.

கேள்வி: அவருடைய வேறு எந்த மார்ச்சைக் கேட்கலாம்?

பதில்: 'தி வானிஷ்ட் ஆர்மி', அதாவது மறைந்துபோன படை. முதல் உலகப் போரில் முதலில் மாண்ட ஒரு லட்சம் வீரர்களுக்காக எழுதியது. மார்ச் என்றாலே உற்சாகம் என்று நினைத்திருந்தவன் நான். இது நடக்கவும் வைக்கிறது, தொண்டையையும் அடைக்கிறது. நடுவில், அந்தப் போர்வீரர்கள் பாடிக்கொண்டு போன 'டிப்பரரி' பாட்டின் துணுக்கு ஒன்று தலைகாட்டிவிட்டுப் போகும். முதல் தடவை ஒத்திகையில் அந்த இடம் வந்தபோது எனக்கு மூச்சு தப்பிவிட்டது. பேண்ட் மாஸ்டர் திட்டவில்லை. கையைக் காட்டி நிறுத்தி, "சரி, ஆரம்பத்திலிருந்து" என்றார்.