வேலை எங்கே தேங்குகிறது? – கேள்வி பதில்

கேள்வி: நிறுவனத்தின் வேலைமுறையைச் சீராக்க லீன், சிக்ஸ் சிக்மா, கைசன் என்று ஆளுக்கொரு முறை சொல்கிறார்கள் சார். எதில் ஆரம்பிப்பது?

பதில்: பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரே ஒரு ஆர்டரின் பின்னாலேயே போங்கள். ஒவ்வொரு மேசையிலும் அதன்மேல் யாராவது கை வைத்திருந்த நேரம் எவ்வளவு, சும்மா கிடந்த நேரம் எவ்வளவு என்று குறியுங்கள். விலை கேட்டு ஒரு கடிதம் வருகிறது. கணக்குப் போட 20 நிமிடம், மேலாளர் கையெழுத்துக்கு 2 நிமிடம். ஆனால் பதில் போவது நான்காம் நாள். மிச்ச நேரம் முழுக்கக் காத்திருப்புதான். இதைத் தாளில் வரைந்தால் அதுதான் வேல்யூ ஸ்ட்ரீம் மேப். மேலாளர் அறையில் உட்கார்ந்து வரையாதீர்கள்; அங்கே எல்லாமே ஒழுங்காக நடப்பதாகத்தான் தெரியும்.

கேள்வி: எல்லோரும் ஓயாமல் உழைக்கிறார்கள், ஆனாலும் டெலிவரி தாமதம். ஆள் சேர்க்கலாமா?

பதில்: அதற்கு முன் கையில் எத்தனை வேலை திறந்து கிடக்கிறது என்று எண்ணுங்கள். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்த விதி ஒன்று உண்டு: சராசரியாகக் கையிலுள்ள வேலையை, ஒரு நாளில் முடியும் வேலையால் வகுத்தால் ஒரு வேலை முடிய ஆகும் நாள். 60 கையில் இருந்து, நாளுக்கு 10 முடிந்தால் 6 நாள். அதே வேகத்தில் 30 மட்டும் கையில் வைத்தால் 3 நாள். வேலைகளை அட்டைகளாக எழுதி, பலகையில் கட்டம் கட்டமாக நகர்த்தும் கான்பான் முறையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உச்சவரம்பு வைப்பது இதற்காகத்தான். ஒன்று முடியாமல் அடுத்ததை உள்ளே விடாதீர்கள். முதல் வாரம் சிலர் சும்மா இருப்பதுபோலத் தெரியும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். அவர்களை வேலை தேங்கும் இடத்துக்கு உதவ அனுப்பலாம். அப்படியும் அந்த ஒரு இடம் நெரிந்தால், அங்கே மட்டும் ஆள் போடுங்கள்.

கேள்வி: ஒரு தப்புக்கு மூலகாரணம் தேடி 'ஏன்' என்று திரும்பத் திரும்பக் கேட்கும் 'ஐந்து ஏன்' முறை எங்களிடம் எப்போதும் 'ஊழியரின் கவனக்குறைவு' என்றே முடிகிறது.

பதில்: அப்படியென்றால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். பில்லில் அளவு தப்பு. ஏன்? ஆர்டர் தாளில் '12' என்று இருந்ததைப் பார்த்து டைப் செய்தவர் 12 உருப்படி என்று நினைத்தார். கேட்டது 12 பெட்டி. ஏன் அப்படி நினைத்தார்? தாளில் அலகுக்குக் கட்டமே இல்லை. சரி, கட்டம் போடுங்கள், நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி செய்யுங்கள். திட்டி என்ன பயன்? நாளைக்கு அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தாலும் இதே தப்பு வரும். டொயோட்டாவில் வளர்ந்த முறை இது, ஐந்து என்பது கட்டாயமும் இல்லை. நீங்களே மாற்றக்கூடிய காரணம் கிடைத்ததும் நிறுத்தலாம்.

கேள்வி: சிறு நிறுவனத்துக்குச் சிக்ஸ் சிக்மா தேவையா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. பிழைகளை அளந்து குறைக்கும் இந்த முறை 1986-ல் மோட்டோரோலாவில் பிறந்தது. இலக்கு, பிழை நேரக்கூடிய 10 லட்சம் வாய்ப்புகளில் 3.4 பிழை. மாதம் 200 ஆர்டர் பார்ப்பவருக்கு அந்த அளவுகோல் எதற்கு? எந்த வகைப் பிழை எத்தனை முறை என்று கோடு போட்டு எண்ணி, அதிகம் வருவதை முதலில் ஒழியுங்கள்.

கேள்வி: புகார் எண்ணிக்கை கொஞ்சம் ஏறினாலே விளக்கம் கேட்டுக் கூட்டம் போடுகிறார்கள்.

பதில்: வால்டர் ஷூவார்ட் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1924-லேயே இதற்குக் கட்டுப்பாட்டு வரைபடம் கொடுத்துவிட்டார்; எந்த ஏற்ற இறக்கம் வழக்கமானது, எது அசாதாரணம் என்று அது பிரித்துக் காட்டும். வாராவாரம் வந்த எண்களின் சராசரி எடுங்கள். அடுத்தடுத்த வாரங்களின் வித்தியாசங்களுக்கும் (ஏறியதா இறங்கியதா என்று பார்க்காமல்) சராசரி எடுத்து 2.66-ஆல் பெருக்குங்கள். முதல் சராசரியோடு அதைக் கூட்டினால் மேல் எல்லை, கழித்தால் கீழ் எல்லை. எல்லைக்குள் ஆடுவது அந்த முறையின் வழக்கமான ஆட்டம். அதற்கு விளக்கம் கேட்டால் கதைதான் கிடைக்கும். எல்லையைத் தாண்டிய வாரத்துக்கு மட்டும் கூட்டம் போடச் சொல்லுங்கள்.